வெறுந்தொட்டிலின் சூடு

பிள்ளை மடியில் கிடந்தான். தொட்டில் காலி. டிவியில் மட்டும் முப்பத்தாறு என்று எழுதியிருந்தது.

பூரணி அதை உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து ஈரவிறகுப் புகை வந்து கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் திரண்ட பனி சொட்டுச் சொட்டாக வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் விழுந்துகொண்டிருந்தது. பால் குடிக்கிற பையனின் மூச்சு நெஞ்சில் பட்டுப் பட்டு விலக, அந்த இதத்தில் அவளுக்குக் கண் சொருகியது. இப்போதுதானே தூக்கினேன், சீலையில் சூடு மிச்சமிருக்கும் என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. பையனைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது வெளியே வெளிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு அவனைத் துடைத்து, சட்டை மாற்றி, புருஷன் லோகன் தேயிலை பக்டரிக்கு வேலைக்குப் போகுமுன் அவன் கையில் கொஞ்ச நேரம் கொடுத்து வாங்கி, லைட்டும் போட்டாயிற்று. வாயைத் திறந்தால் ஆவி பறக்கிற குளிர். இந்தக் குளிரில் ஒரு வெறும் சீலை எதை வைத்துக்கொண்டு சூடாக இருக்கும்?

வயர் விட்டிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கம்பியூட்டர் யாருக்கும் வேண்டாத சாமான். கீபோர்டும் மெஷினும் ஒரே பெட்டியாக, டிவியில் செருகிப் பார்க்கிற பழைய காலத்து மாடல். புரோகிராமை எல்லாம் பாட்டு கசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். தலவாக்கலை டவுனில் அவள் படித்த கம்பியூட்டர் கிளாஸில் புதுசு வந்தபோது இதைத் தூக்கி எறியப் பார்த்தார்கள். அவள் கேட்டு வாங்கி, ரைஸ் பேக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தோட்ட ஆஸ்பத்திரியில் உடைந்துபோன காய்ச்சல் மானி இரண்டு குப்பைக்கு வந்தன. ஒன்றின் நுனியைப் பிளந்தால் கடுகு அளவில் ஒரு முத்து. தெர்மிஸ்டர் என்று கிளாஸ் மாஸ்டர் சொன்னார். சூடு ஏற ஏற அதற்குள் கரண்ட் சுலபமாக ஓடும். அதை டெலிபோன் வயரில் ஈயம் வைத்து ஒட்டி, ஈரம் படாமல் சைக்கிள் வால்வ் டியூப்பைத் துண்டு வெட்டி மாட்டி, உடைந்த ஜொய்ஸ்டிக்கின் பிளக்கில் சேர்த்து, விளையாட்டுக்கு வைத்திருக்கிற துளையில் செருகினாள். தொட்டில் சீலையின் அடியில் சின்னதாக ஒரு பை தைத்து முத்தை அதற்குள் வைத்தாள். புரோகிராம் பத்து வரிதான். சூடு எவ்வளவு என்று டிவியில் பெரிதாகக் காட்டும். குறைந்தால் கத்தும்.

கத்த வேண்டும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. போன தை மாதம், இதே அறையில், இதே விட்டத்தில் கட்டிய தொட்டிலில் கிடந்த அவளுடைய முதல் பிள்ளை, பெயர்கூட வைக்காத பெண், அழவும் இல்லை, இருமவும் இல்லை. விடியற்காலை பூரணி கையை விட்டுப் பார்த்தபோது ஆற்றுக்கல் மாதிரி இருந்தாள். எந்த நேரத்தில் அந்தச் சூடு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பையன் விஷயத்தில் தெரிய வேண்டும்.

லோகன் கேலி செய்வான். இன்றைக்கும் போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "புள்ளைக்கு வயரு போட்டு வச்சிருக்க. இனி அவன் வாயத் தொறந்தா செய்தி வாசிப்பான் பாரு."

"செய்தி வாசிச்சா ஒங்களத்தான் மொதல்ல வாசிப்பான். பால்மா வாங்கியாரச் சொன்னேனே, எங்க?" என்றாள் பூரணி.

"மறந்துட்டேன்மா" என்று சிரித்துக்கொண்டே பனிக்குள் இறங்கிப் போனான்.

கேலி செய்யாதவள் பக்கத்து வீட்டு மீனம்மா மட்டும்தான். பையன் வயிற்றில் இருந்த கடைசி மாதத்தில் பூரணி தொட்டிலைக் கட்டி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே படுக்க வைத்து, நாள் முழுக்க ஆட்டினாள். ஆட்ட ஆட்டத்தான் வயர் மடிகிற இடம் அறும். அறுகிறதென்றால் பிள்ளை வருமுன்னே அறுந்துபோகட்டும் என்று நினைத்தாள். அதைப் பார்த்துத்தான் மீனம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"அடியே, வெறுந்தொட்டில ஆட்டாத! உள்ள என்னடி அது, போத்தலா? போத்தலயாடி தாலாட்டுற?"

"வயரு தாங்குதான்னு பாக்குறேன்க்கா. ஆட்டாம எப்படித் தெரியும்?"

"பேறுகாலம் ஒனக்கா, ஒன் வயருக்கா? போன வருசம் ஒன்னு இதுலதான் கெடந்து போச்சு. எடம் சும்மா இருக்குன்னு ஆட்டிக் காட்டுனா யாரு வந்து படுப்பான்னு தெரியுமா?"

பூரணி சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

இப்போது அவள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, பிளக்கைப் பிடுங்கினாள். டிவியில் பூச்சியம். செருகினாள். முப்பத்தாறு. வயரை விட்டத்திலிருந்து தரைவரை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். எண் அசையவில்லை. வயர் அறுந்திருந்தால் பூச்சியம்தான் காட்டும். இரண்டு கம்பியும் ஒட்டியிருந்தால் நூறுக்கு மேல் போகும். பழுதான ஒரு சாமானுக்கு மனித உடம்பின் சூடு எவ்வளவு என்று தெரியாது.

தொட்டில் அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. கயிறு விட்டத்தில் உரசுகிற சத்தம் மெல்லக் கேட்டது. ஆட்டம் ஓயப்போகிற தொட்டிலின் சத்தம். கதவு சாத்தியிருந்தது. அவள் திரும்பி, சீலையின் அடியில் கையை வைத்தாள்.

இதமாக இருந்தது. சீலைக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது, பழம்பாலும் வசம்பும். பையனுக்கு இன்னும் வசம்பு கட்டவில்லை. போன தை மாதத்தில் இந்த அறை முழுக்க இருந்த வாசனை அது.

அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பையன் பால் கேட்காமல் கிடப்பது புத்திக்கு வந்தது. தோளில் அவன் கன்னம் பட்ட இடம் சில்லென்று இருந்தது. வயர் சாமான் வைத்திருந்த டின்னைத் திறந்து, மாற்றுக்கு என்று செய்து வைத்திருந்த இரண்டாவது முத்தை எடுத்தாள். ஜொய்ஸ்டிக்குக்கு இடம்வலம் ஒரு வழி, மேல்கீழ் ஒரு வழி என்று இரண்டு வழி உண்டு. மற்ற வழியில் இதைச் சேர்த்து, புரோகிராமில் அதற்கும் இரண்டு வரி அடித்தாள். தன் கக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாகக் காட்டியது. பையனின் சட்டைக்குள் வைத்தாள்.

முப்பத்துமூன்று.

கம்பியூட்டர் கத்தத் தொடங்கியது.

"மீனம்மாக்கா!" சுவர் கூரைவரை போகாத லயம் அது, குரல் சுவருக்கு மேலால் ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. "அக்கா, ஓடி வாங்களேன்! புள்ள குளுந்து போறான்!"

மீனம்மா ரொட்டி மாவுக் கையோடு வந்தாள். பையனின் காலைத் தொட்டாள். முகம் மாறிற்று. பிறகு, மெதுவாக ஆடிக்கொண்டிருந்த தொட்டிலைப் பார்த்தாள்.

"கொழுந்து லொறி பக்டரியிலதான் நிக்கும். நான் ஓடிப் போயி லோகனயும் லொறியயும் கூட்டியாறேன். தலவாக்கல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். அதுவரைக்கும் புள்ளய மேலோட ஒட்டி வச்சுக்க. கீழ விட்டுறாத, என்ன?"

"சரிக்கா."

"எதுக்குள்ளயும் போட்டுறாத" என்றாள் மீனம்மா, தொட்டிலைப் பார்க்காமல். அவள் எடுத்துக்கொண்டு ஓடிய டோர்ச்சின் வெளிச்சம் பனிக்குள் கொஞ்ச தூரம் போய்க் கரைந்தது.

பூரணி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ரவிக்கையைத் திறந்து பையனை வெறும் நெஞ்சோடு சேர்த்து, மேலே கம்பளி, அதன் மேலே லோகனின் கோட்டு. விறகைத் தள்ளினாள். தீ எழுந்தது. அவளுடைய முழங்கால் சுட்டது, நெற்றி வேர்த்தது, நெஞ்சில் கிடந்த பையன் மட்டும் ஈரமண் மாதிரி குளிர்ந்துகொண்டே போனான். அடுப்படியிலிருந்து டிவி தெரிந்தது. இரண்டு எண். ஒன்று முப்பத்தொன்று. மற்றது முப்பத்தேழு.

இது ஒன்று இறங்கினால் அது ஒன்று ஏறியது.

அவள் எழுந்தாள். சுவரில் லோகனின் கவ்வாத்துக் கத்தி செருகியிருந்தது. தேயிலைச் செடியை வெட்டுகிற வளைந்த கத்தி. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கத்தி. கயிற்றில் கத்தியை வைத்தாள். ஒரு நூல் அறுந்தது. உள்ளே ஏதோ சிணுங்கியது. தூக்கம் கலைந்த பிள்ளைச் சிணுங்கல்.

டிவியில் இரண்டு எண்ணும் சேர்ந்து விழுந்தன.

முப்பது. இருபத்தொன்பது. நெஞ்சில் கிடந்தவன் ஒருமுறை விக்கினான். பிறகு மூச்சைக் காணோம்.

கத்தியைக் கீழே போட்டாள். "இல்ல இல்ல" என்றாள். யாரிடம் என்று தெரியாமல் சொன்னாள். "வெட்டல. வெட்டல சாமி." எண்கள் நின்றன. பையன் மூச்சை இழுத்தான். சின்ன மூச்சு. லொறிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள். கூரையில் பனி சொட்டுவது மட்டும் கேட்டது. பக்டரி மலைக்கு அந்தப் பக்கம். இவன் அதுவரை தாங்க மாட்டான்.

இந்த அறையில் சூடாக இருப்பது ஒரே ஓர் இடம்.

அவளுக்கு அது தெரிந்தபோது அழுகை வரவில்லை. சீலையை விரிக்கவில்லை, உள்ளே பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு, கையைச் சூட்டுக்குள் இறக்கி, பிள்ளையை விட்டாள். விட்ட இடத்தில் ஏதோ கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

கயிறு முனகியது. ஒரு மாதப் பிள்ளையின் பாரத்துக்குக் கயிறு இப்படி முனகாது.

அவள் ஆட்டினாள். முப்பத்தொன்று. ஆட்டினாள். முப்பத்துமூன்று. முப்பத்தைந்து. கம்பியூட்டர் கத்துவதை நிறுத்தியது. இரண்டு எண்ணும் முப்பத்தாறில் வந்து நின்றன, பக்கத்தில் பக்கத்தில். சீலைக்கு வெளியே பிள்ளைக் குதிகால்கள் முட்டின. இரண்டு சின்னது. இன்னும் இரண்டு, அதைவிடப் பெரியது.

கை வலித்தது. ஒரு நொடி நிறுத்தினாள். எண்கள் இறங்கின. ஆட்டினாள்.

அப்புறம் லொறி. இரைச்சல், மீனம்மாவின் குரல், ஓடி வருகிற பூட்ஸ் கால். கதவு அடித்துத் திறந்தது. லொறியின் முன் லைட் வாசல் வழியாக நேரே உள்ளே பாய்ந்து, தொட்டிலில் பட்டது. பழைய சீலை. மெல்லிய சீலை.

"பூரணி! எங்க புள்ள? எடு, லொறி நிக்கிது!" லோகன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான்.

"கிட்ட வராதீங்க."

"ஏன்டி? என்னாச்சு? ஆட்டுறத நிப்பாட்டு, புள்ளயத் தா!"

அவள் ஆட்டிக்கொண்டே பின்சுவரை மோவாயால் காட்டினாள். லோகன் பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

சுவரில் தொட்டிலின் நிழல் போய் வந்து போய் வந்து கொண்டிருந்தது. சீலைக்குள் அவர்களுடைய பையன், ஒரு கைப்பிடி அளவு. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னொன்று. முடி வளர்ந்திருந்தது. கை கால் நீண்டிருந்தது. சரியாக ஒரு வயதுப் பிள்ளையின் நிழல்.

அது தலையைத் தூக்கி, அப்பா நிற்கிற பக்கம் திரும்பியது.