மூச்சில்லாத ஏழு நிகழ்ச்சிகள்

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தது அவளுடைய குரல்தான். ஆனால் அது எந்த இடத்திலும் மூச்சு வாங்கவில்லை.

மூச்சையெல்லாம் வெட்டச் சொன்னவளே நீதானே, இதில் திடுக்கிட என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாக்கியம் முடியும் முன்பே அடுத்தது அதன் முதுகில் ஏறி வந்தது. ஆங்கிலம் அதே ஆங்கிலம், நிதானம் அதே நிதானம், பேசுகிறவளுக்கு மட்டும் காற்று தேவைப்படாதது போல இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு முட்டியது.

அவள் சிற்றலை வானொலியின் ஆங்கிலப் பிரிவில் அறிவிப்பாளர். கடலுக்கு அந்தப் பக்கம் யார் யாரோ பெட்டியின் குமிழைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே தேடிப் பிடிக்கிற குரல் அவளுடையது. திங்கள் செய்தி அலசல், செவ்வாய் அறிவியல், புதன் விருப்பப் பாடல், வியாழன் மொழிப் பாடம், வெள்ளி வானொலி ரசிகர் மன்றம், சனி நேயர் கடிதம், ஞாயிறு நேர்காணல். ஒவ்வொன்றும் அன்றன்றைக்குப் பதிவாகும். இந்த வாரம் மட்டும் ஏழையும் முந்தின ஞாயிறே ஒரே மூச்சில் பேசி முடித்துவிடுவது என்று வந்திருந்தாள். காரணம் குட்டி.

மகள் குட்டிக்கு ஒன்பது வயது. புதன்கிழமை தொண்டையில் சதை எடுக்கிற ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். சொல்கிறவருக்கு என்ன, அவர் தொண்டையா? "நான் கண்ணு முழிக்கறப்ப நீதான் எதிர்ல இருக்கணும். அப்பா வேணாம். அப்பா எனக்கு முன்னாடி அழ ஆரம்பிச்சிடுவாரு" என்று குட்டி நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள். சத்தியம் வாங்காமல் தூங்கவும் இல்லை. ஆகவே இவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் பேசித் தீர்த்தாள்.

பேசி முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அவசரத்தில் எதையும் நேரம் பார்த்துப் படிக்கவில்லை. ஏழு நிகழ்ச்சியும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டுவிட்டன. சிற்றலையில் அது நடக்காது. குறித்த நேரம் வந்ததும் ஒலிபரப்பி தானாக அடங்கிவிடும், நடு வாக்கியமாக இருந்தாலும் சரி.

"மூச்சை வெட்டினா சரியாயிடும் மேடம்" என்றார் பிளேடு.

ஒலிப்பதிவாளருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாயைத் திறந்தாலும் அதே பிளேடுதான், கேட்கிறவன் காது அறுந்துவிடும். அவர் எதிரில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வெட்டுங்க சார், அப்புறம் என்ன யோசனை?"

"எப்பவும் அங்கங்க ஒண்ணு ரெண்டு விட்டு வைப்பேன் மேடம். மொத்தமா எடுத்தா அது எங்க போய் மூச்சு வாங்கும்?"

"எது சார்?"

"குரல்தான்."

"சார், தயவு செஞ்சு ஆரம்பிக்காதீங்க. ஒண்ணு விடாம வெட்டுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

"உங்க இஷ்டம்" என்று அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஏதாவது ஒரு சொல்லைத் திரும்பப் பேச வேண்டி வந்தால் ஆள் வேண்டுமே என்று இவள் ஒலிவாங்கி அறையிலேயே இருந்தாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் துளை போட்ட பலகை, தரையில் பழைய கம்பளத்தின் புழுங்கல் வாடை. அவருடைய அறையும் அவளுடைய அறையும் இரட்டைக் கண்ணாடியால் பிரிந்திருந்தன. அங்கிருந்து வருகிற ஓசை எல்லாம் ஒலிபெருக்கி வழியாகத்தான். அவர் நாடாச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினார். அவளுடைய ஒரு மூச்சு ஒலிபெருக்கியில் முனகிக்கொண்டு உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று. மூச்சு தொடங்கும் இடத்தில் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. முடியும் இடத்தில் ஒரு கோடு. பிளேடு இறங்கியது. விரல் நீள நாடாத் துண்டு குப்பைக் கூடையில் விழுந்தது.

அதே நேரம் அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ தவறியது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் இல்லாமல் போகுமே, அப்படி.

களைப்பு என்று நினைத்தாள். அவர் அடுத்ததை வெட்டினார். மறுபடி தவறியது. மூன்றாவதற்கு அவள் நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் வேலையில் இருந்தார். வெட்டி முடித்தால் போகலாம், போனால் குட்டியோடு இருக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திரு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு நாடாவையும் வெட்டி ஒட்டியதும் அவர் ஓடவிட்டுப் பார்த்தார், மூச்சே வாங்காத அந்தக் குரல் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே போயிற்று. கூடை நிறைந்துகொண்டே வந்தது.

கடைசி நாடாவையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு அவர் கையைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சது மேடம். கிளம்புங்க. குட்டியக் கேட்டதா சொல்லுங்க."

அவர் அதைச் சொன்னது கண்ணாடியைப் பார்த்து அல்ல. தன் பக்கத்துக் கதவைப் பார்த்து.

"சொல்றேன் சார். ரொம்ப தேங்க்ஸ்" என்றது ஒலிபெருக்கி.

அவளுடைய குரல். அவள் வாயே திறக்கவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் காலையில் அவள் மாட்டி வைத்த கைப்பை இப்போது இல்லை. அவர் விளக்கை அணைத்தார். அந்த அறை இருண்டது, கண்ணாடியில் அவளுடைய அறை மட்டும் தெரிந்தது. மேசை, ஒலிவாங்கி, நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

அவள் எழுந்து கதவுக்கு ஓடினாள். தடித்த கதவு, ஓசை புகாமல் ஓரமெல்லாம் ரப்பர் வைத்தது. கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. சார் என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள், அப்போதும் காற்றுதான் வந்தது, சூடாக, தேய்ந்த ஒரு சீறலாக. துளைப் பலகை அதையும் குடித்துவிட்டது. கதவைக் குத்தினாள். கை வலித்தது, சத்தம் இல்லை.

பிறகு ஒலிபெருக்கியில் நிலையத்தின் அடையாள இசை கேட்டது. நேயர்கள் அலைவரிசையைப் பிடிப்பதற்காக நிகழ்ச்சிக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஒலிக்கிற அந்தச் சின்ன மணியோசை. அதன் பின்னால் இரைச்சல், விட்டு விட்டு எழும்பி அடங்கும் சிற்றலை இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. ஹலோ, வெல்கம். இன்று திங்கட்கிழமை.

திங்கட்கிழமையா? இப்போதுதானே ஞாயிறு மதியம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. பிளேடு உட்கார்ந்திருந்தார். சட்டை மாறியிருந்தது. நேற்று வெள்ளை, இன்று கட்டம் போட்டது. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அறைந்தாள், முகத்தை ஒட்டி வைத்து ஊதினாள். கண்ணாடியில் ஆவிகூடப் படியவில்லை. அவர் காதைக் குடைந்துகொண்டு பத்திரிகை படித்தார்.

நிகழ்ச்சி முடிந்தது. மறுபடி இசை தொடங்கியது. இன்று செவ்வாய்க்கிழமை என்றது குரல். அவருடைய சட்டை நீலமாகிவிட்டது.

வேண்டாம். செவ்வாயே, போகாதே. நில்லு.

அவளுக்குப் பசிக்கவில்லை, தாகம் எடுக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இசை, இரைச்சல், குரல். இசை, இரைச்சல், குரல். இன்று புதன்கிழமை, உங்கள் விருப்பப் பாடல்கள் என்று குரல் உற்சாகமாக ஆரம்பித்தபோது அவள் கம்பளத்தில் சுருண்டு காதைப் பொத்திக்கொண்டாள். குட்டியை இப்போது உள்ளே கொண்டு போயிருப்பார்கள். முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்திருப்பார்கள். இப்போது கண் திறந்திருப்பாள். திறந்து தேடுவாள். பாவி, சத்தியம் பண்ணினாயே. அவள் அழுதாள். அழுகைக்கும் ஓசை இல்லை.

வெள்ளிக்கிழமை என்று குரல் சொன்ன நாளில் பிளேடு நாற்காலியைத் திருப்பி யாரையோ பார்த்துச் சிரித்தார்.

"வாங்க மேடம். லீவு போட்டும் வந்து நிக்கறீங்களே. குட்டி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார் கண்ணு முழிச்சப்ப பக்கத்துலயே இருந்தேன் என் கையப் பிடிச்சிட்டு விடவே இல்ல."

எங்கேயும் இடைவெளி இல்லாமல் வந்தது பதில். ஒருத்தி நடந்து வந்து விளக்கடியில் நின்றாள். அவளுடைய கைப்பை. அவளுடைய பச்சைப் புடவை. வீட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்துப் பழகிய அதே முகம், ஆனால் மார்பு ஏறி இறங்கவில்லை.

"பரவாயில்ல, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க" என்றார் அவர்.

அவள் எவ்வளவு நேரம் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் அவளுடைய தட்டில் அது சாப்பிடுகிறது. அவளுடைய படுக்கையில், குட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறது. ராத்திரி குட்டி முழித்துக்கொண்டு பக்கத்தில் காதை வைத்தால் என்ன கேட்கும்?

சனி போயிற்று. பிறகு, இத்தனை நாள் அசையாத கதவு திறந்தது.

ஓடிப்போய் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் நகரவில்லை. உள்ளே வந்தது அந்த ஒருத்தி, அதன் கையைப் பிடித்துக்கொண்டு குட்டி. கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. மெலிந்திருந்தாள். கதவு மூடிக்கொண்டது.

"அம்மா அடுத்த வாரத்துக்கெல்லாம் இன்னிக்கே பேசிடப் போறேன் நீ அந்த நாற்காலில சமர்த்தா உக்காரு சத்தம் போடக் கூடாது."

"பேசினாத்தானே வலிக்குது. நான் எங்க பேசப் போறேன்" என்றாள் குட்டி, கரகரத்த தொண்டையில். வலித்தாலும் வாய் குறையவில்லை. மூலையில் நின்ற அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தது பேசத் தொடங்கியது. ஹலோ, வெல்கம். தங்குதடையின்றி, காற்றில்லாமல். குட்டி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு காலை ஆட்டுவதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. இங்க யாரோ மூச்சு விடறாங்க."

குரல் நின்றது. அது கண்ணாடியைப் பார்த்தது.

"எனக்கும் காதுல விழுந்துது மேடம்" என்றார் பிளேடு. "போன வாரம் ஒண்ணு தப்பிடுச்சு போல. இருங்க, எடுத்துடறேன்." அவர் சக்கரத்தை நிறுத்தி, கையால் பின்னோக்கி உருட்டத் தொடங்கினார்.

அவளிடம் மீதி இருந்தது அந்த ஒரு மூச்சுதான். அடக்கி வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இந்த மூலையில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்கவாவது பார்க்கலாம்.

அவள் குட்டியின் முன்னால் மண்டியிட்டாள். முகத்தோடு முகம். மருந்து வாடை, தலையில் வேறு யாரோ வைத்த எண்ணெய் வாடை.

ஒலிபெருக்கியில் மூச்சு முனகிக்கொண்டு உள்ளே போயிற்று. வெளியே வந்தது. மஞ்சள் பென்சில். ஒரு கோடு.

அவள் ஊதினாள். இருந்ததையெல்லாம்.

குட்டியின் நெற்றியில் ஒரு முடிக்கற்றை எழும்பியது. குட்டியின் கண்கள் விரிந்தன. ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை அவள். எதிரே, நேராக, வெறுமையைப் பார்த்தாள்.

"அம்மா?"

இன்னொரு கோடு.

மேசையருகில் இருந்தது எழுந்து வந்து, குட்டியின் தோளில் கையை வைத்தது. குட்டி திரும்பவில்லை. கையை மெல்ல முன்னால் நீட்டினாள், தொட.

பிளேடு இறங்கியது.

முடிக்கற்றை நெற்றியில் படிந்தது.