குனிந்து பார்க்கும் பெட்டி

அந்தப் பெட்டியில் எதையேனும் காண வேண்டுமென்றால், முதலில் தலை குனிய வேண்டும்.

மயிலாப்பூரில் துணிக்கடை வைத்திருந்த கணேசமூர்த்தியின் பெட்டிக் காமிரா அப்படிப்பட்டது. கறுப்புத் தோலுறை போர்த்த, செங்கல்லைவிடச் சற்றே பருத்த பெட்டி. முன்முகத்தில் ஒரு பெரிய கண். அதைச் சுற்றி இரண்டு சின்னக் கண்கள். பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உச்சியில் பதித்திருக்கும் தபால்தலை அளவுக் கண்ணாடியைக் குனிந்து நோக்கினால், எதிரே இருப்பவர் அதில் குட்டியாகத் தெரிவார். பக்கத்தில் ஒரு சிறு விசை. தட்டினால் ‘டக்’ என்று ஓர் ஓசை. அவ்வளவுதான், படம் உள்ளே போய்விடும்.

பெட்டியின் முதுகில் வட்டமாய் ஒரு சிவப்புச் சன்னல் இருந்தது. பிலிமைச் சுற்றச் சுற்ற அதில் எண்கள் ஒவ்வொன்றாக உதிக்கும். எட்டோடு சுருள் தீர்ந்துவிடும்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. அந்தச் சன்னலில் எட்டு என்ற எண் நின்றுகொண்டிருந்தது.

“ஏழு படம் உங்க அக்கா மவன் காதுகுத்துக்கே சரியாப் போச்சு” என்றார் கணேசமூர்த்தி. “எட்டாவது உனக்குத்தான், வடிவு. நீயே எடுத்துக்கோ. யாரை எடுக்கப் போறே?”

“பூக்காரம்மாவைப்பா.”

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் எழுந்தருளிய நாளில், பதினோரு வயதுச் சண்முகவடிவு கூட்டத்தில் அப்பாவின் கையைத் தவறவிட்டாள். தேம்பி நின்றவளைத் தம் பூக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தவர், மேல மாட வீதியில் பூ விற்கும் செண்பகம். அப்பா தேடிக்கொண்டு வரும்வரை அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவர் விடவே இல்லை. ஆண்டு முழுவதிலும் மிகுதியாகப் பூ விற்கும் பொழுது அது. கூடையிலிருந்து தரையில் கொட்டிய மல்லிகை அப்படியே வாடிக் கிடந்ததை வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாட்டம் அவள் நெஞ்சில் இன்னும் இருந்தது.

செண்பகத்தின் மகன் கனகராஜ் பட்டாளத்தில் இருந்தான். அவன் எழுதும் கடிதங்களை வடிவுதான் படித்துச் சொல்வாள். சென்ற வாரம் வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: “அம்மா, ஒரு மாதத்தில் எங்களைப் பனிமலைக்கு அனுப்புகிறார்கள். பனி விழத் தொடங்கிவிட்டால் தபால் வராது. அதற்குள் உன் படம் ஒன்று அனுப்பு. என்னிடம் ஒன்றுகூட இல்லை.”

செண்பகம் ஸ்டூடியோவுக்குப் போனதே இல்லை. அங்கே கண் கூசும் விளக்கைப் போடுவார்களாம், அவருக்கு அச்சம்.

“வெயிலு உன் முதுகுல படணும், அவுக முகத்துல விழணும்” என்று அப்பா சொல்லி அனுப்பினார். “எட்டடி தள்ளி நில்லு. கை ஆடிச்சுன்னா படமும் ஆடிரும். அடுத்த பிலிம் இனி தீவாளிக்குத்தான், பாத்துக்கோ.”

தீபாவளிக்குள் பனி விழுந்துவிடும். இருப்பது ஒரே ஒரு படம்.

வடிவு தன் வகுப்புத் தோழி ஜஹனாராவையும் அழைத்துக்கொண்டு போனாள்.

“என்னையா?” என்று செண்பகம் கன்னத்தில் கை வைத்தார். “போ பாப்பா! கோபுரத்தைப் புடி, கொளத்தைப் புடி. என் மூஞ்சில இன்னா கீது?”

“கனகராஜ் அண்ணன் கேட்டாரே!”

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டி முடித்த மல்லிகையில் ஒரு முழம் எடுத்துத் தம் கொண்டையிலேயே சூட்டிக்கொண்டு, கிழக்கு வெயில் முகத்தில் பட நிமிர்ந்து அமர்ந்தார்.

“ஈ வந்து உட்கார்ந்தாக்கூட அசையாதீங்க” என்றாள் ஜஹனாரா.

“ஈ இன்னா, எங்கிட்ட தேனீயே வரும் கண்ணு!”

வடிவு நான்கு பெரிய எட்டு வைத்து நின்றாள். பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். மூச்சை அடக்கிக் குனிந்தாள். கண்ணாடியில் கூடை தெரிந்தது. சேலை தெரிந்தது. முகத்தை மட்டும் காணோம்! அது இருக்க வேண்டிய இடத்தில் மல்லிகை சூடிய கொண்டை தெரிந்தது.

வடிவு நிமிர்ந்தாள். எதிரே செண்பகம் இரு கைகளையும் கூப்பித் தலை வணங்கியிருந்தார்.

“ஏம்மா கும்பிடறீங்க?”

“நீதானே மொதல்ல கும்புட்டே?”

“நான் கும்பிடலை. காமிராவுக்குள்ள பார்த்தேன்!”

“அப்டியா? சரி, சரி. இனிமே அசைய மாட்டேன்.”

இரண்டாம் முறை அவர் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். வடிவு குனிந்தாள். அங்கே தலையும் குனிந்தது.

ஜஹனாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கையைக் கட்டிப் போட்டீங்க. தலையை யாரு கட்டறது?”

மூன்றாம் முறை செண்பகம் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, கழுத்தை விறைத்துக்கொண்டார். தலை தப்பியது. ஆனால் முகம், புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் முகமாகிவிட்டது.

“இந்த மூஞ்சியோட படம் போய்ச் சேர்ந்தா அண்ணனே பயந்து ஓடி வந்துடுவாரு” என்றாள் ஜஹனாரா.

செண்பகத்துக்குக் கண் கலங்கியது. “என்னால முடியலியே பாப்பா. யாராவது தலை குனிஞ்சா என் தலை தானா குனிஞ்சுடுது. பழகிப்போச்சு. வுட்டுடு. என் மூஞ்சி அவன் மனசுல இருக்காதா இன்னா?”

வடிவு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வணங்கியவரைத் திருப்பி வணங்குவது ஒரு பிழையா? அதைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. ‘நான் குனியாமல் இருந்தால் போதுமே! ஆனால் குனியாமல் எப்படிப் பார்ப்பது?’

அவள் பார்வை பூக்கூடையின் மீது விழுந்தது. பங்குனியில் அவள் உட்கார்ந்திருந்த அதே கூடை.

‘ஒரு முறை பார்த்து வைத்துவிட்டால் போதாதா? பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கும். அதற்குத்தான் சொந்தமாகக் கண் இருக்கிறதே!’

“ஜஹனாரா, நீ பூக்காரம்மா இடத்துல உட்காரு.”

செண்பகம் எழுந்து ஒதுங்கினார். பூவை ஓலைப்பாயில் கொட்டிவிட்டு, நான்கு எட்டுத் தள்ளிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பெட்டியை வைத்தாள் வடிவு. மண்டியிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“இடப்பக்கம் நகரு. ஐயோ, இல்லை! வலப்பக்கம்!”

“எதையாவது ஒண்ணைச் சொல்லுடி!”

“இந்தக் கண்ணாடியில எல்லாம் மாறித் தெரியுது. போதும், அங்கேயே இரு!”

படத்தின் நடுவில் ஜஹனாரா வந்தாள். அதே இடத்தில் செண்பகத்தை உட்கார வைத்தார்கள்.

“விசையை யாரு தட்டறது? நீ குனிஞ்சா அவங்களும் குனிவாங்களே” என்று ஜஹனாரா காதோடு கேட்டாள்.

வடிவு சற்றே தயங்கினாள். அது அவளுடைய முதல் படம். இந்த ‘டக்’ ஓசைக்காக ஒரு வாரமாகக் காத்திருந்தாள்.

“நீதான். கூடைக்குப் பக்கத்துல, பூ பொறுக்கற மாதிரி உட்காரு. அவங்க சிரிச்சதும் மெல்லத் தட்டு.”

வடிவு கூடைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள். கைகள் வெறுமையாக இருந்தன.

“பூக்காரம்மா, கனகராஜ் அண்ணன் சின்ன வயசுல குறும்பா?”

“அவனா? தெப்பத்தன்னிக்கு இன்னா பண்ணான் தெரியுமா? தெப்பத்துல ஏறணும்னு அழுது, கொளத்துல குதிச்சுட்டான்! இடுப்பளவு தண்ணி. ‘முழுகிட்டேன், முழுகிட்டேன்’னு நின்னுக்கினே கத்தறான்!”

வடிவை அண்ணாந்து பார்த்து, கண்கள் சுருங்க, வாய்விட்டுச் சிரித்தார் செண்பகம்.

டக்.

“சரி, எப்போ எடுக்கப் போறே?” என்று கேட்டார் அவர்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. உள்ளங்கை அளவுதான். மல்லிகையும் மலர்ந்த முகமும் அதில் தெளிவாக விழுந்திருந்தன. செண்பகம் அதைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றே அது கடிதத்தோடு வடக்கே புறப்பட்டது. படம் எடுத்தவர்கள் என்று வடிவு இரண்டு பெயர்களை எழுதியிருந்தாள்.

புரட்டாசி முடிவதற்குள் மறுமொழி வந்தது. பூக்கூடைக்கு அருகில் ஜஹனாராவோடு அமர்ந்து வடிவு படித்தாள்.

“அம்மா, படம் கிடைத்தது. நீ என்னை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாய். எதிரே நான்தான் நிற்கிறேன் என்று தோன்றுகிறது. என்ன சொல்லிச் சிரித்தாய்? நாளை மலை ஏறுகிறோம். நீ என் சட்டைப் பையில் வருகிறாய். படம் எடுத்த தங்கைகள் இருவருக்கும் என் நன்றி.”

செண்பகம் நாரையும் பூவையும் மடியில் போட்டுவிட்டு, கட்டி வைத்திருந்ததில் இரண்டு முழம் பூவை எடுத்து இருவர் தலையிலும் வைத்தார்.

வடிவு கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். எழுந்து நின்று, இரு கைகளையும் கூப்பித் தலை குனிந்தாள்.

“இன்னா கண்ணு, கையில பெட்டியே இல்லியே?”

“இது படத்துக்கு இல்லைம்மா. பங்குனியில கையைப் பிடிச்சுக்கிட்டீங்களே, அதுக்கு.”

செண்பகத்தின் கைகள் தாமே கூடின. தலையும் தானே குனிந்தது.

“நல்ல வேளை, பிலிம் தீர்ந்துபோச்சு!” என்றாள் ஜஹனாரா.