நாலாவது கேமரா

பிணம் மேஜைமேல் கிடந்தது.

மூடி கழற்றப்பட்டு, வயர்கள் வெளியே பிதுங்கி, உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசியோடு...

"செத்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"எங்க மூத்தவர் செத்து எட்டு நாள் ஆச்சு மேடம்."

"ஐயோ... நான் கம்ப்யூட்டரைக் கேட்டேம்மா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாவு வீட்டுக்காரர்களிடம் கேட்கிற கேள்வியா அது?

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் மொய்க்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு அறை வைத்திருப்பவள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழிந்துபோன ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது தொழில். கீழ்க்கடைக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

எதிரே இரண்டு பெண்கள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள்.

மூத்தவளின் கணவன் மருந்துக்கடை முதலாளி. மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தான். விழவில்லை, யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்றது போலீஸ். தள்ளியது அவனுடைய கூடப்பிறந்த தம்பிதான் என்றும் சொன்னது.

அதாவது... இளையவளின் கணவன்!

ஆள் இப்போது கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"அன்னிக்கு அண்ணன் தம்பிக்குள்ள வாய்ச்சண்டை. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அதுக்காகக் கொன்னுடுவாரா மேடம்?" இளையவள் மூச்சு விடாமல் கொட்டினாள். "வீட்ல நாலு கேமரா இருக்கு. நாலாவது மொட்டை மாடியில. எல்லாமே இந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் பதிவாகும். போலீஸ் திறந்து பார்த்துட்டு காலியா இருக்குன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க அதை எடுத்துக் கொடுத்தாத்தான் அவர் வெளிய வருவார்."

"நீங்கம்மா?" டாக்டரம்மா மூத்தவளைப் பார்த்தாள்.

"இவளுக்குத் துணையா வந்தேன்."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள்.

டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த டிஸ்க் வந்தாலும் முதலில் கையை விரித்துவிடுவாள். கிடைக்கும் என்று சொல்லிக் கிடைக்காமல் போனால் ஜனங்கள் அடிக்க வருவார்கள். கிடைக்காது என்று சொல்லிக் கிடைத்துவிட்டால் கும்பிடுவார்கள். தொழில் ரகசியம்.

"போச்சும்மா. ஒண்ணும் தேறாது."

இளையவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இதுவும் வழக்கம்தான்.

வழக்கத்தில் இல்லாதது பக்கத்து நாற்காலியில் நடந்தது.

மூத்தவள் மூச்சு விட்டாள்... நீளமாக. வந்ததிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த பையின் கைப்பிடியை அப்போதுதான் விட்டாள்.

"அழாதடி. நம்ம கையில என்ன இருக்கு?" என்று இளையவளின் முதுகைத் தடவிக் கொடுத்தவள், டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப இதைத் திருப்பிக் கொடுத்துருங்க. வீட்லயே ஒரு மூலையில கிடக்கட்டும்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

இத்தனை வருஷ சர்வீஸில், கிடைக்காது என்றதும் நிம்மதியடைந்த முதல் ஆள்!

"இங்கயே இருக்கட்டும்மா. எதுக்கும் ஒரு தடவை முட்டி மோதிப் பார்க்கறேன்" என்றாள்.

மறுநாள் டாக்டரம்மா அந்தக் கேஸைப் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டாள்.

"சார், மருந்துக்கடைக்காரர் செத்தது எப்போ?"

"செவ்வாய்க்கிழமை சாயந்தரம். ஏன் டாக்டரம்மா?"

"தம்பியைப் பிடிச்சது?"

"அன்னிக்கே தூக்கிட்டோம்ல." குரலில் பெருமை வழிந்தது.

"அந்த டிஸ்க்கை யாரோ ஃபார்மேட் பண்ணி அழிச்சிருக்காங்க சார். புதன்கிழமை மத்தியானம்."



"கம்ப்யூட்டர்ல தேதி தப்பா ஓடியிருக்கும்."

"அதையும் பார்த்துட்டேன். கடிகாரம் கரெக்டா இருக்கு. உங்க லாக்கப்புல உட்கார்ந்துகிட்டே வீட்டுக் கம்ப்யூட்டரை அழிச்சாரா அந்த மனுஷன்?"

"வீட்ல வேற யார் யாரு?"

"ரெண்டே பேர். ரெண்டும் பொம்பளைங்க."

"அப்ப இளையவதான்" என்றார் இன்ஸ்பெக்டர் பட்டென்று. "புருஷன் தள்ளினது பதிவாகியிருக்கும்னு பயந்து அழிச்சிருப்பா."

"அழிச்சவ எதுக்கு சார் எங்கிட்ட தூக்கிட்டு வரணும்?"

"நல்லவளாக் காட்டிக்கத்தான். நீங்க யாரையும் நம்பாதீங்க."

டாக்டரம்மா குழம்பித்தான் போனாள். அழுதவள் நடித்திருந்தால்? மூச்சு விட்டவள் வெறுமனே களைத்துப்போயிருந்தால்? சாவு வீட்டில் யார் எதற்கு மூச்சு விடுகிறார்கள் என்று எவருக்குத் தெரியும்!

ஃபார்மேட் செய்தால் ஃபைல்களின் பெயரும் விலாசமும்தான் அழியும். மேலே வேறு எதுவும் பதிவாகாதவரை சரக்கு அங்கேயே பதுங்கிக் கிடக்கும். அழித்தவருக்கு இந்த விஷயம் தெரியாது. டாக்டரம்மாவுக்குச் சோறு போடுவதே இதுதான்.

சாப்பாட்டை மறந்து துழாவினாள். ஒரு கிளிப் மட்டும் முழுசாக மேலே வந்தது.

நாலாவது கேமரா. செவ்வாய்க்கிழமை சாயந்தரம்!

பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

பிறகு இன்ஸ்பெக்டருக்கு ஒரு ஃபோன். கடைசியாக, இரண்டு பெண்களுக்கும் தனித்தனியாக ஒரே செய்தி: "மொட்டை மாடி கேமராவோட கிளிப் ஒண்ணு கிடைச்சிருக்கு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து வாங்கிட்டுப் போவார்."

"அவர் தள்ளலைன்னு அதுல தெரியுதா மேடம்?" என்று கேட்டாள் இளையவள். "நான் ஜெயில் வாசல்ல நிக்கறேன். அவரைப் பார்த்துட்டு நேரா வர்றேன்."

மூத்தவள் வேறு ஒன்று கேட்டாள்.

"யார் யாருக்குச் சொன்னீங்க?"

முதலில் படியேறி வந்தது அவள்தான். தனியாக.

"எங்க இருக்கு அது?"

"இதோ." டாக்டரம்மா மேஜைமேல் இருந்த டிஸ்க்கைக் காட்டினாள். "உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"கொடுங்க."

டாக்டரம்மா தண்ணீர் எடுக்கத் திரும்பினாள்.

அவ்வளவுதான்!

மூத்தவள் டிஸ்க்கை வெடுக்கென்று எடுத்தாள். வராந்தாவுக்கு ஓடினாள். மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே சிமெண்ட் தரையில் வீசினாள்.

டமால்...!

திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. "கை தவறிடுச்சு" என்றாள்.

"பரவாயில்லம்மா." டாக்டரம்மா தம்ளரை நீட்டினாள். "ஒரிஜினல்ல நான் வேலை பார்க்கறதே இல்ல. வந்த அன்னிக்கே அச்சு அசலா ஒரு காப்பி எடுத்துருவேன். அது உள் ரூம்ல இருக்கு."

மூத்தவளின் பார்வை உள் ரூம் கதவுக்குப் போனது.

"பக்கத்துல இன்ஸ்பெக்டரும் இருக்கார்."

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே ஒரு பெண் கான்ஸ்டபிள்.

மூத்தவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"தள்ளணும்னு தள்ளல சார். துணி எடுக்க மேல போனேன். பின்னாலயே வந்தார். எதிர் வீட்டைப் பார்த்துச் சிரிச்சியான்னு கேட்டார். கல்யாணமான நாள்லேர்ந்து அதே கேள்விதான். கடையில உட்கார்ந்து, கேமரா வழியா ஃபோன்ல என்னையே பார்த்துக்கிட்டிருப்பார். தலை துவட்டினா ஃபோன் வரும், யாருக்காகத் துவட்டறேன்னு. அன்னிக்கு முடியைப் பிடிச்சு இழுத்தார். உதறிவிட்டேன். அந்தக் கைப்பிடிச் சுவர் முட்டி உயரம்தான்..."

"கொழுந்தன் உள்ள போனப்பவாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பதிவே இல்லைன்னா அவரையும் விட்டுருவீங்க, நானும் தப்பிச்சுருவேன்னு நெனச்சேன். தெனமும் இன்னிக்கு விட்டுருவாங்க, நாளைக்கு விட்டுருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

வாசலில் ஒரு விசும்பல் கேட்டது.

இளையவள்! எப்போது வந்தாளோ... கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கி, எது முதலில் என்று தெரியாமல் உதடு துடித்தது.

"பத்து நாளா அவர் உள்ள கிடக்கார். கூடவே இருந்தியே. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா? உன் வீட்டுக்காரர் இப்படியெல்லாம் பண்றார்னு முன்னாடியாவது..."

"எந்த ரூம்ல வச்சுடி சொல்றது? எல்லா ரூம்லயும் அவர் இருந்தாரே."

இளையவள் கை ஓங்குவாள் என்றுதான் டாக்டரம்மா பயந்தாள். அவளோ கிட்டே போய், மூத்தவளின் தோளிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டாள். அப்புறம் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். நாளைக்கு அவள் கணவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அந்தச் சந்தோஷத்தைக் கூட ஒழுங்காக அனுபவிக்க விடவில்லை விதி.

கான்ஸ்டபிள் மூத்தவளைக் கீழே அழைத்துப் போனாள். இளையவளும் கூடவே படியிறங்கினாள்.

இன்ஸ்பெக்டர் உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். "அந்தக் காப்பியைப் போடுங்க டாக்டரம்மா. கோர்ட்ல அதுதான் நமக்குத் துருப்புச்சீட்டு."

போட்டாள்.

திரையில் ஒரு வாசல் கேட். கேட்டுக்கு வெளியே தெரு. ஆள் அரவம் இல்லை.

"மொட்டை மாடி எங்க?"

"இதுல மொட்டை மாடி கிடையாது சார். மனுஷன் நாலாவது கேமராவை வாசல் பக்கம் திருப்பி வச்சிருக்கார். யார் வர்றா, யார் போறான்னு பார்க்க. பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல."

இன்ஸ்பெக்டரின் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்போ... அந்தம்மா பேசாம வீட்லயே இருந்திருந்தா?"

"உங்களால ஒரு துரும்பைக் கூட நிரூபிச்சிருக்க முடியாது. தம்பி மட்டும் உள்ளயே கிடந்து வாடியிருப்பார்."

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கித் திரையை நெருங்கினார்.

"இருங்க, இருங்க... கேட் பக்கத்துல ஏதோ அசையுதே?"

"பூனை சார். ரெண்டு தடவை வருது, ஒரு தடவைதான் போகுது. அவர் மட்டும் உயிரோட இருந்திருந்தா, அதுக்கும் ஒரு விளக்கம் கேட்டிருப்பார்."