ஏழாம் தாங்கியின் கசடு

கயிற்றை ஒருமுறை இழுத்தால் ‘சுகமா’ என்று கேட்பது. உள்ளிருந்து ஒருமுறை இழுபட்டால் ‘சுகம்’. அன்று பிற்பகல் அம்பலவாணன் கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

எண்ணெய்த் தாங்கியின், ஆள் நுழையும் துளையில் லெட்சுமணனின் கறுத்த முகம் தெரிந்தது.

“நான் இழுக்கலையே லா. குளிர்ல உன் கைதான் நடுங்குது.”

பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம், தேம்ஸ் ஆற்றங்கரை எண்ணெய்க் கிடங்கு அது. வருடக்கணக்காக எண்ணெய்க்கு அடியில் தேங்கிய நீர் இரும்பை அரித்து, துருவும் மெழுகும் சேறும் ஒன்றாகி, அழுகிய முட்டை மணத்தோடு முழங்கால் ஆழக் கசடாகக் கிடந்தது. அதை அள்ளுவது மலேசியாக்காரர் லெட்சுமணனின் வேலை. வெளியே நின்று அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிப்பதும், உள்ளே காற்று ஊதும் விசிறியைக் கவனிப்பதும் அம்பலவாணனின் வேலை.

“எங்கயும் போயிடாதே தம்பி.”

“நான் எங்கை அண்ணை போறது?”

விம்பிள்டன் கோயிலில் எல்லோரிடமும் தான் எண்ணெய்க் கம்பனி என்ஜினியர் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் கட்டவிருந்த தவமலரின் தகப்பன் தியாகராஜா அதை நம்பியிருந்தார். ஆனாலும் மாப்பிள்ளையின் வேலையிடத்தை நேரில் பார்க்காமல் பெண் கொடுக்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. மூடுபனிக்குள் அவருடைய தொப்பி தெரிந்ததும் அம்பலவாணன் கயிற்றைக் கம்பியில் கட்டினான். எண்ணெய் படிந்த மேலங்கியைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் திணித்தான்.

“தம்பி, இந்த இரைச்சலுக்குள்ளை கதைக்க ஏலாமல் கிடக்கு.”

விசிறியை நிறுத்தினான். ஒரு என்ஜினியர் நிறுத்துவது போலவே நிறுத்தினான்.

“உள்ளுக்கை ஆரும் நிக்கினமோ?”

“இல்லை மாமா. அது கூலியாக்கள் செய்யிற வேலை. நாளைக்குத்தான் வருவினம்.”

சொல்லும்போது காது சுட்டது. துளைக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் கேட்கிறதா என்று பயந்தான். கேட்கவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

கன்ரீனில் தேநீர் குடித்தார்கள். தியாகராஜாவுக்குப் பரம திருப்தி. இன்னொரு தேநீரும் கேட்டார். பிறகு, “கெதியாய் வாரும். கோயிலுக்குப் போற வழியிலை இறக்கிவிடுறன்,” என்று வாசலில் நின்ற காரில் ஏறிக்கொண்டார்.

அம்பலவாணன் தாங்கிக்குத் திரும்பினான். பனி இறங்கியிருந்தது. துருச் செதில்கள் கூரையிலிருந்து உதிர்ந்து இரும்பில் படும் ஓசை மட்டும் உள்ளிருந்து மெல்ல மெல்லக் கேட்டது. விசிறியைப் போட்டான். அப்போதுதான் கவனித்தான்: அழுகிய முட்டை மணம் இல்லை.

ஊரில் இரசாயனம் படித்தவன். அந்த மணத்தைத் தரும் நச்சு வாயு மிகுந்தால் மூக்கு முதலில் செத்துப்போகும், மணமே தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

“அண்ணை!”

அபாய மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடித்தால் கிடங்கே ஓடி வரும். தியாகராஜாவும் வருவார். உள்ளே யாருமில்லை என்று சொன்ன வாய் இது.

மணியை விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தான்.

சுகம், என்றது கயிறு.

பெருமூச்சு விட்டான். அப்படி விட்டதற்காகக் கூசினான். ஆனாலும் மறுபடி இழுத்தான்.

சுகம்.

மறுபடி.

சுகம். உடனே. ஈரமாக.

வாசலில் கார் ஹோர்ன் அடித்தது. “தம்பி, ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை மாமா! வாறன்!”

டோர்ச்சை உள்ளே நீட்டினான்.

துளைக்குக் கீழேயே லெட்சுமணன். முகம் கசடுக்குள். அசைவில்லை. துளையின் உள்விளிம்பில், துருவின் மேல், விரல் பிறாண்டிய கோடுகள். பல கோடுகள்.

இடுப்பில் கயிறு இல்லை.

வெளிச்சம் கயிற்றைத் தொடர்ந்தது. லெட்சுமணனைத் தாண்டி. தாங்கியின் நடுவுக்கு. அங்கே, கசடு அள்ளிய இடத்தில், இரும்புத் தரை அரித்து ஓட்டையாகியிருந்தது. கயிறு அதற்குள் இறங்கியது.

ஓட்டையின் கசடு மெதுவாகப் பொங்கியது.

அதற்குள்ளிருந்து ஒரு கை. துரு நிறம். நகமில்லாத ஐந்து விரல்கள். கயிற்றைப் பிடித்தபடி, அவன் அடுத்தமுறை கேட்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.