சித்தி பின்னிய பாதி

இந்தக் கதையில் வரும் அம்மா வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது, கண்ணுகளா. நீளமான அறை, வரிசையாக மேசைகள். எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது ஆபத்து என்றால், ஆம்புலன்ஸ் கேட்டு அங்கேதான் போன் வரும்.

"பதறாதீங்க. முதல்ல எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க."

பகல் முழுக்க அம்மா இதைத்தான் சொல்வாள். அழுகிறவர்களிடமும் சொல்வாள், திட்டுகிறவர்களிடமும் சொல்வாள். வீடு வந்து சேரும்போது அவளிடம் பேச்சே மிச்சம் இருக்காது.

அவளுடைய மகளுக்கோ பேச்சு நிற்காது. அதனால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். அவளுக்குக் கீழே ஒரு தம்பி, சின்னவன். அப்பா லாரி ஓட்டுகிறவர்; போனால் திரும்ப நாளாகும். பள்ளி விட்டதும் அடுத்த தெருவிலிருந்து சித்தி வந்து இருவரையும் பார்த்துக்கொள்வாள்.

அம்மா வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். அங்கே இருக்கும் கூடையிலிருந்து இரண்டு பின்னல் ஊசிகளையும் சாம்பல் நிறக் கம்பளி நூலையும் எடுப்பாள். அடுப்பு வேலை கூப்பிடும்வரை சால்வை பின்னுவாள். பின்னப் பின்ன, தூக்கி நின்ற அவள் தோள் மெல்லக் கீழே இறங்கும். வாயாடி அந்தத் தோளில்தான் சாய்ந்திருப்பாள்.

பின்னல் நன்றாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் ஒடுக்கம், நடுநடுவே ஓட்டை.

"என்னக்கா இது, சால்வையா மீன்வலையா?" என்றாள் சித்தி. சித்தி பின்னினால் கடையில் வாங்கியது தோற்றுப்போகும்.

"வலைதான். உன் வாய் மாட்டுதான்னு பாக்கறேன்," என்றாள் அம்மா. "முடிச்சதும் வேலைக்குப் போத்திக்கிட்டுப் போவேன். அங்க ஏசி எலும்பையே நடுக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். வாயாடிக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த ஓட்டைச் சால்வையோடா? அங்கே எல்லாரும் அம்மாவைக் கேலி செய்வார்களே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு வேலை இருந்தது. வாயாடி சால்வையைச் சித்தியிடம் நீட்டினாள்.

"அம்மாவுக்குத் தெரியாம இதைச் சரிபண்ணித் தர்றீங்களா, சித்தி?"

"நல்லா கேட்ட போ! எத்தனை நாளா என் கை அரிக்குது தெரியுமா?"

சித்தி மேல்பாதியைச் சர்ரென்று பிரித்தாள். பிரித்த இடத்திலிருந்து தன் கையால் பின்னத் தொடங்கினாள். பொழுது சாய்வதற்குள் சால்வையையே முடித்து, கடைசி முடிச்சும் போட்டுவிட்டாள்.

வேலை முடிந்து வந்த அம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"என் தங்கச்சி கைன்னா சும்மாவா?" என்று மடித்து, பீரோவில் வைத்தாள்.

வேலைக்கு அதைப் போர்த்திக்கொண்டு போகவும் இல்லை. மறுநாள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கைகள் மடியில் சும்மா கிடந்தன. சின்னவன் தண்ணீரைக் கொட்டியதற்கு எரிந்து விழுந்தாள். அம்மா எரிந்து விழுகிறவளே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

"புதுசா ஒண்ணு ஆரம்பியேம்மா," என்றாள் வாயாடி.

"எதுக்குடி? அதான் என்னைவிட நல்லா பின்ன ஆள் இருக்கே."

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் வாயாடி பீரோவைத் திறந்து சால்வையை விரித்தாள்.

சித்தி பின்னிய பாதி ஒரே சீராக இருந்தது. அம்மாவின் பாதியில் ஓரிடத்தில் நூல் கண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. விரல் நுனிகூட நுழையவில்லை. அதற்கு மேலே தளர்ந்து கிடந்தன. தளர்ந்த இடம் அப்பா வீட்டில் இருந்த வாரம். இறுக்கமான இடம், அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்ன உட்கார்ந்த நாள். அப்படி எத்தனை நாட்களைப் பிரித்துப் போட்டாயிற்று!

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள்.

"சித்தி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பின்னினதை நான் பிரிக்கப்போறேன்."

"என்னது?"

"ரொம்ப அழகாத்தான் இருக்கு. ஆனா அம்மாவுக்குப் பின்ன இடமே இல்லாம போயிடுச்சு. உங்களைக் கேட்டது என் தப்பு."

சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "கழுத்து ஒடிய பின்னினேன்டி," என்றாள் மெதுவாக. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முடிச்சைக் காட்டினாள். "இதை அவிழ்த்து இழு. நானே பிரிக்க எனக்குக் கை வராது. நீ பிரி."

வாயாடி பிரித்தாள், சின்னவன் நூலை உருட்டினான். அம்மாவின் பாதி வந்ததும் கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒரு கண்ணி நழுவிக் கீழே ஓடியது.

"அக்கா, ஓட்டை ஓடுது!" என்று கத்தினான் சின்னவன். உடனே ஓடும் கண்ணியிடம் குனிந்து, "பதறாதீங்க. முதல்ல எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க!" என்றான்.

வாயாடி துணிக் கிளிப், ஹேர்பின், ஊக்கு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டி, கண்ணிகளைப் பிடித்து வைத்தாள். அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள்.

"என்னடி இதெல்லாம்?"

"நீ பின்னினதுல பாதி போயிடுச்சும்மா. அதை என்னால திருப்பிக் கொண்டுவர முடியல. மிச்சத்தைப் பிடிச்சு வெச்சிருக்கேன். இங்கேருந்து நீ பின்னுறியா?"

தோளில் மாட்டிய பையோடு அம்மா தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி, கண்ணிகளை ஊசியில் ஏற்றினாள். முதல் வரிசை மிகவும் இறுக்கமாக வந்தது.

"இன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணு போன் பண்ணா," என்றாள் திடீரென்று. "உன் வயசுதான் இருக்கும். அப்பா மயங்கி விழுந்துட்டாராம்."

"வண்டி போச்சா?" என்றாள் வாயாடி.

"போச்சு. போற வரைக்கும் அவகூட பேசிக்கிட்டே இருந்தேன்."

"அவர் பிழைச்சுட்டாராம்மா?"

"தெரியாதுடி. வண்டி போய்ச் சேர்ந்ததும் போனை வெச்சுடுவாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது." ஊசி நின்றது. "இதையாவது கடைசிவரைக்கும் நானே பாக்கணும்னு நெனச்சேன்."

வாயாடி நூலை அவள் பக்கம் நகர்த்தினாள். ஊசி மறுபடியும் அசைந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது சால்வை முடிந்தது. ஓரம் கோணலாகத்தான் இருந்தது. சித்தி அதைப் பார்த்து வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். அம்மா கடைசி முடிச்சைப் போட்டு நூலை நறுக்கினாள்.

"முடிச்சுட்டேன்," என்றாள்.

யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னாள். "முடிச்சுட்டேன்."