தூணுக்குப் பின்னால் ஒரு கூடை

ஹாலோவெல் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கத்தில் என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு தூண் இருந்தது. உச்சி வரிசையில், எங்கள் இருக்கைகளுக்கு நேர் முன்னால் நின்றது அது. அங்கே உட்கார்ந்தால் ஆடுகளம் முழுவதும் தெரியும், இடப்பக்கக் கூடை மட்டும் தெரியாது. பந்து அந்தப் பக்கம் போனால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். கூட்டம் போடும் சத்தத்தை வைத்தே கூடை விழுந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

"வேற எடத்துல உக்காந்தாதான் என்னவாம்?" என்று என் அம்மா வாண்டா கேட்பார்.

"எங்கப்பா உக்காந்த எடம், வாண்டா. தூண் அதுபாட்டுக்கு நிக்குது. உன்னை என்ன பண்ணுச்சு?"

கென்டக்கியில் எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்றாலே கூடைப்பந்துதான். ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவோம். எங்கள் அணி முதல் கூடை போடும்வரை ஒருவரும் உட்காரக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறியவரும் இல்லை. ஒருமுறை எங்கள் ஆட்கள் வெகுநேரம் கூடையே போடாததால் என் தம்பி ட்ராவிஸ் நின்றபடியே தூங்கிவிட்டான்.

எனக்குப் பத்து வயதான கோடையில் அப்பா வானொலிப் போட்டி ஒன்றில் ஜெயித்தார். "லெஸ்டர் மோபர்லி தன்னோட கடைசி ஆட்டத்துல..." என்று அறிவிப்பாளர் கேள்வியைத் தொடங்கியதுமே அப்பா தொலைபேசியில் கத்தினார். "இடது முழங்கால்ல கட்டு போட்டிருந்தாரு."

அதுதான் விடை. மோபர்லி எங்கள் கல்லூரி அணியின் பழைய நட்சத்திரம், அப்பாவுக்குத் தெய்வம் மாதிரி. பரிசு, ரசிகர் முகாமில் ஓர் இடம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உண்மையான பயிற்சியாளரிடம் பயிற்சி. கல்லூரி அணியின் ஜெர்சி போட்டுக்கொண்டு, பழைய ஆட்டக்காரர்களோடு அதே அரங்கத்தில் ஆடலாம்.

அப்பா பால் வண்டி ஓட்டுபவர். எங்கள் கொட்டகைச் சுவரில் அடித்த வளையத்தில்தான் அதுவரை பந்து போட்டிருந்தார். புறப்படும் நாள் காலையில் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கம்தான்.

"டார்லா, ஒரே ஒரு கூடை," என்றார் என்னிடம் மெதுவாக. "அந்த அரங்கத்துல ஒண்ணே ஒண்ணு போட்டுட்டா போதும்மா. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நான் அவர் ஜெர்சியின் பின்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

லெஸ்டர் மோபர்லியே அப்பாவின் அணியில் இருந்தார். தலை வழுக்கை, நடையில் லேசான விந்தல். அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

"மோபர்லி சார், நான் உங்க..."

"சாரா? என்னப்பா நீ, என்னை வாத்தியாராக்கிட்டே. லெஸ்டர்னு கூப்பிடு."

சனிக்கிழமை ஆட்டங்களில் அப்பா ஒரு கூடைகூடப் போடவில்லை. போட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பந்து கைக்கு வந்தால் உடனே லெஸ்டரிடம் தள்ளிவிடுவார். லெஸ்டர் அதைக் கூடையில் போட்டதும் நின்ற இடத்திலேயே கை தட்டுவார். எதிரணி பந்தோடு அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

மதியம் பொரித்த கோழி சாப்பிடும்போது நான் கேட்டே விட்டேன். "அப்பா, நீங்க ஆட்டம் ஆடறீங்களா, ஆட்டம் பாக்கறீங்களா?"

"பின்னே? தூண் இல்லாம, இவ்வளவு கிட்டத்துல நின்னு எப்போம்மா பாத்திருக்கேன்?"

சிரித்தார். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய்விட்டார். பந்து சுவரில் மோதும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அரங்கம் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. கீழ் வரிசைகளில் ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் மட்டும் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தன. நாங்கள் எங்கள் தூணுக்குத்தான் போனோம். வேறு இடத்தில் உட்கார்ந்தால் அப்பாவுக்கு ராசி இல்லை என்று ட்ராவிஸ் சொல்லிவிட்டான்.

ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து கை தட்டினோம். லெஸ்டர் முதல் கூடையைப் போட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. கை தட்டுவதையும் நிறுத்தவில்லை.

"உக்காருடி, மறைக்குது," என்றான் ட்ராவிஸ்.

"முடியாது. அப்பா இன்னும் கூடை போடல."

"நம்ம டீம் போட்டுடுச்சே."

"டீம் போட்டுச்சு. அப்பா போடல."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பாப்கார்ன் பொட்டலத்தோடு அவனும் எழுந்து நின்றான். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

இடைவேளை வந்தது. அப்போதும் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ட்ராவிஸ் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

இரண்டாவது பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது அப்பாவின் அணி பந்து போட வேண்டியது இடப்பக்கக் கூடையில், அதாவது தூண் மறைக்கும் கூடையில். காலி அரங்கத்தில் எங்கள் கைதட்டல் மட்டும் எதிரொலித்ததால் அப்பா மேலே பார்த்தார்.

"டார்லா, என்னம்மா ஆச்சு? உக்காருங்க."

"முதல் கூடை இன்னும் விழலப்பா."

"எப்பவோ விழுந்துடுச்சும்மா."

"உங்களோடது விழலையே."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த லெஸ்டர் எங்களை அண்ணாந்து பார்த்தார்.

"யாருப்பா அது?"

"என் பொண்ணு. வெவரம் தெரியாம நிக்குது."

"தெரிஞ்சுதான் நிக்கற மாதிரி இருக்கு. நீ எங்களுக்காக இப்படி நின்னிருக்கியா?"

"எத்தனை தடவை. ஒரு நாள் நீங்க கூடையே போடாம படுத்திட்டீங்க. காலு ரெண்டும் மரத்துப் போச்சு."

"அப்போ அந்தப் பொண்ணுக்கும் கால் வலிக்கும் இல்ல?" என்றார் லெஸ்டர். "என்கிட்ட பந்தைத் தள்ளாதே வெர்னன். போடு."

தனக்காக ஒரு கூடை போட அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் கால் வலி என்றதும் முகமே மாறிவிட்டது. நின்றவருக்குத்தானே அந்த வலி தெரியும்.

அடுத்த பந்தை அவரே வீசினார். அது கூடைக்கு மேலே பறந்து, யாரோ ஓர் அம்மாவின் குளிர்பானத்தைத் தட்டிவிட்டது. அதற்கடுத்தது வளையத்தில் பட்டுத் தெறித்த சத்தம்தான் எங்களுக்குக் கேட்டது. கீழ் வரிசைகளில் விஷயம் பரவி, ஒவ்வொருவராக எழுந்து கை தட்ட ஆரம்பித்தார்கள். எதிரணிக்காரர் ஒருவரின் மனைவிகூட எழுந்துவிட்டார். அப்பாவின் அணி எக்கச்சக்கமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிய இன்னும் சில நொடிகளே இருந்தன. லெஸ்டர் விந்தி விந்தி ஓடி வந்து பந்தை அப்பாவிடம் தள்ளினார். அப்பா முழங்காலை மடக்கி எம்பினார். பந்து அவர் கையிலிருந்து கிளம்பியது. உயரே போனது. தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வலை சரக்கென்று அசையும் சத்தம். அதன் பின் அந்தக் காலி அரங்கத்தில் அத்தனை பேர் எங்கிருந்துதான் வந்தார்களோ, அப்படி ஓர் ஆரவாரம்.

கண்ணைத் திறந்தேன். லெஸ்டர் மோபர்லி என் அப்பாவைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். அப்பா எங்களைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது. எதிரணி அவரைத் தாண்டி ஓடி இன்னொரு கூடை போட்டுக்கொண்டது.

நான் உட்கார்ந்தேன். கால்கள் விண்விண் என்று வலித்தன. அப்படி ஒரு சுகத்தோடு நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அரங்கத்தைப் புதுப்பித்தபோது அந்தத் தூணையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நன்றித் திருநாள் விருந்திலும் அப்பா அந்தக் கூடையின் கதையைச் சொல்கிறார். முதலில் அது கூடைக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து போட்டதாக இருந்தது. பிறகு கொஞ்சம் தள்ளிப் போனது. போன வருஷம் ஆடுகளத்தின் நடுக்கோட்டிலிருந்து, இரண்டு பேர் மறிக்க மறிக்கப் போட்டதாகிவிட்டது.

"அப்படியா டார்லா?" என்று என் மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் கேட்கிறான், தாத்தாவைப் போலவே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

நான் என்ன சொல்வது? எனக்குத்தான் தூண் மறைத்துவிட்டதே.