மரியதாஸின் தோலட்டை

புதுத் தென்காசியில் குற்றாலிங்கம் காலைக் காபி குடித்ததும் நாற்பது கிரிக்கெட் வீரர்களுக்கும் முடி வழித்துவிடுவான். செவ்வாயில் முடி எடுக்கக்கூடாது என்பார்கள். குடியிருப்பதே செவ்வாய்க் கிரகம் என்றான பிறகு அந்தச் சாங்கியத்தை யார் பார்க்கிறார்கள்?

வீரர்கள் என்றால் முழு ஆள் இல்லை, தோலட்டைகள். அவன் சிறுவனாக இருந்தபோது சூயிங்கம் வாங்கினால் இலவசமாகக் கிடைத்தவை. முன்பக்கம் வீரரின் படம். பின்பக்கம் அவர் கையிலிருந்து எடுத்து வளர்த்த உயிருள்ள தோல், நாணய அளவில். தினமும் மூன்று சொட்டு ஊட்டநீர் விட்டால் சாகாது. தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும், வியர்க்கும், முடி முளைக்கும். அசலா போலியா என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நக்கிப் பார்ப்பார்கள். அசல் உப்புக் கரிக்கும். கருமம், சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது.

அலமாரியைத் திறந்தால் நாற்பது அக்குள் நாற்றம். இருப்பதோ ஒற்றை அறை வீடு. மகள் வேறு பிரசவத்துக்கு வரப்போகிறாள்.

“பச்சப்புள்ள வர்ற வீடு. ஒண்ணு இதுக இருக்கணும், இல்ல நான் இருக்கணும்,” என்றாள் மனைவி ஆவுடை.

மனசேயில்லாமல் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தான். மறுநாளே சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் வந்தார். இடது காலில் முட்டிவரை கட்டு. குற்றாலிங்கத்துக்குப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது. ஜெரோம் மரியதாஸ். ஒரு காலத்தில் இந்தக் கிரகத்திலேயே வேகமாகப் பந்து வீசியவர். அவன் சேகரித்த முதல் அட்டையே அவருடையதுதான்.

“என் அட்டை மட்டும் போதும் தம்பி,” என்றார் மரியதாஸ். “கூரையில்லாத மைதானத்துல ஆடி ஆடி உடம்பு பூரா கதிர்வீச்சு. கால் புண் ஆறவே மாட்டேங்குது. ஒட்டுப்போட என் உடம்புல நல்ல தோலே இல்ல. எனக்கு இருபத்திமூணு வயசுல எடுத்த அந்தத் தோல் கிடைச்சா வளர்த்து ஒட்டிரலாம், காலைக் காப்பாத்திரலாம்னு டாக்டர் சொல்றாரு. லட்சக்கணக்குல வித்த அட்டை. எல்லாம் செத்துப்போச்சு. நீங்க ஒருத்தர்தான் உயிரோட வச்சிருக்கீங்க.”

குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையை எடுத்து, வியர்வையைத் துடைத்து, அவரிடம் காட்டினான். காட்டினானே தவிர, கையில் கொடுக்கவில்லை.

“எவ்வளவு சார் வெட்டுவாங்க?”

“முழுசும் வேணும்.”

“அப்ப அட்டை?”

“வெறும் அட்டை எதுக்குப்பா?”

அவன் முகம் சுருங்கியது. “முப்பத்தஞ்சு வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன் சார். இதைப் போய் வெட்டிக் கெடுக்கக் கேக்கிறீங்களே.”

“அது என் தோலுப்பா.”

“உங்களுக்குத் தோல். எங்களுக்கு அதுதான் சார் உயிரு.”

“மனுசனுக்குக் கால் போகுது, குடுத்துத் தொலைங்க,” என்றாள் ஆவுடை. அவன் அசையவில்லை. விருந்தாளியைச் சாப்பிடச் சொன்னான், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான், வாசல்வரை வந்து வழியனுப்பினான். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. மற்ற முப்பத்தொன்பது அட்டைகளையும் அன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். மரியதாஸை மட்டும் வைத்துக்கொண்டான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ரசிகர் மன்றத்தைக் கூட்டினான். தலைவர் கால் குணமாக வேண்டி அட்டைக்குப் பாலாபிஷேகம் என்று முடிவாயிற்று. செவ்வாயில் மாடு ஏது? பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒதுக்கிய பால்மாவை அண்டா அண்டாவாகக் கரைத்தார்கள். விசிலடித்துக்கொண்டு வரிசையில் நின்று ஊற்றினார்கள். ஊட்டநீர் தவிர வேறெதுவும் படக்கூடாத தோல் அது. மூன்றாம் நாள் பச்சை பூத்து, தொட்டால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. ஆவுடை வாந்தியெடுத்தாள்.

அடுத்த வாரம் மரியதாஸின் காலை முட்டிக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். செய்தி கேட்டதும் குற்றாலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினான். “எங்கள் தலைவரின் காலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து துண்டுபோடாமல் முழுசாக அனுப்பவும்.”